மூக்கு போன குழாய்க்காரர்

இந்த நகரத்தில் பேர்பெற்ற பழைய பார்கள் மொத்தம் பதினொன்று. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. மூன்று நாள் தங்குகிறவர்கள் ஐந்தைப் பார்க்கிறார்கள். ஒரு வாரம் தங்குகிறவர்கள் பதினொன்றையும் பார்த்துவிட்டு, ஆறாவதுக்கு மேல் எதுவும் ஞாபகமில்லை என்று ஊருக்குப் போய்ச் சொல்கிறார்கள். நம்ம ஆள் இருபத்தேழு வருஷமாக வாரம் தவறாமல் பதினொன்றுக்கும் போய்வந்தவர். ஒரு தடவைகூடத் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்ததில்லை. ஏனென்றால் அவர் உள்ளே போவது காலை எட்டு மணிக்கு, இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு.

பீர்க் குழாய் கழுவுவது அவர் தொழில். பாரில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பளபளவென்று மின்னும் பித்தளைப் பிடிதான் கண்ணுக்குத் தெரியும். அதன் பின்னாலிருந்து ஒரு குழாய் தரைக்கடியில் இறங்கி நிலவறையில் உள்ள பீப்பாய் வரைக்கும் போகிறது. அந்தக் குழாய்க்குள் வாரம் ஒருமுறை மருந்துத் தண்ணீர் விட்டு, அரைமணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசவேண்டும். அலசாவிட்டால் உள்ளே வழுவழுவென்று பாசி மாதிரி ஒன்று படியும். அப்புறம் எவ்வளவு உசத்தியான பீரை ஊற்றினாலும் தரை துடைத்த துணியின் வாடைதான் வரும். மருந்து முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்க நிறம் மாறும் தாள் இருக்கிறது. அழுக்கு போய்விட்டதா என்று பார்க்கத் தாள் கிடையாது. அதற்கு மூக்கு வேண்டும்.

அவருக்கு இருந்தது. இருபத்து மூன்று வயதில், வீடு வீடாகப் போய்த் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்துகொண்டிருந்த காலத்தில், ஒரு பாரின் கைகழுவும் தொட்டியைச் சரிபண்ணப் போனார். வழியில் மேஜைமேல் ஒரு பீர்க் கோப்பை இருந்தது. அதைத் தாண்டிப் போகும்போதே, "இதுல என்ன, ஊசிப்போன வெண்ணெய் வாடை அடிக்குது?" என்றார். பார்க்காரருக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் நின்றிருந்த குழாய் கழுவும் கம்பெனி மேலாளருக்கோ கண் விரிந்தது. அந்த மனுஷர் அரைமணி நேரமாக அதே கோப்பையை மோந்து மோந்து பார்த்து ஒன்றும் பிடிபடாமல் நின்றவர். அடுத்த வாரம் வேலை கிடைத்தது. அதற்கடுத்த மாதம் பட்டப்பெயரும் கிடைத்தது: மூக்கர்.

யாராவது மூக்கர் என்று கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. மேலுக்கு முறைப்பார், உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். கம்பெனியில் மற்றவர்களெல்லாம் வெறும் ஆட்கள், தனக்கு மட்டும்தான் உடம்பிலேயே பதவி இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். இன்றைக்கு இந்தக் கதையை அவரே சொல்லும்போது இந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, கேட்பவர்கள் சிரிக்கட்டும் என்று காத்திருப்பார்.

உறவுக்காரர்கள் கூடும் இடத்தில் அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். தொப்பி பாரைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். கடலுக்குப் போகும் மாலுமிகள் ஆளுக்கொரு தொப்பியைக் கூரையில் மாட்டிவிட்டுப் போவார்களாம், திரும்பி வந்து எடுத்துக்கொள்வார்களாம், இன்னும் தொங்கிக்கொண்டிருப்பதெல்லாம் திரும்பாதவர்களுடையதாம். அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது மைத்துனருக்கே கண் கலங்கும். கண்ணாடி பாரில் ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்ந்த விரிசல் இருக்கிறது. வக்கீல் பாரில் நீதிபதிகள் நழுவிப் போக ஒரு பின்வாசல் இருக்கிறது. எல்லாவற்றையும் அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மாதிரியே சொல்வார். உண்மையில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில்தான் அவர் கால்சட்டை மாற்றிக்கொள்வது. தொப்பிகளால் அவருக்கு ஏற்பட்ட ஒரே அனுபவம் தும்மல். இருபத்தேழு வருஷத்தில் எந்தப் பாரிலும் அவர் ஒரு வாடிக்கையாளராக உட்கார்ந்ததில்லை.

"என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்களேன்," என்று வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்பாள்.

"அங்க என்ன இருக்கு? ஈரமும் இருட்டும்தான்," என்பார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் மைத்துனரை அழவைத்த அதே வாய்.

பதினொன்றில் மூத்தது பாலத்தடி பார். அங்கேதான் அவருக்கு ஒரு பரம வைரி இருந்தார். அந்தப் பாரின் நிலவறைக்காரர். பீப்பாய்களை இறக்குவது, குளிர்ச்சி கெடாமல் பார்ப்பது, தெளியவைப்பது, திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பீர் கெட்டுப்போனால் இரண்டே காரணம்தான் இருக்கமுடியும். பீப்பாய் கெட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் குழாய் கெட்டிருக்கவேண்டும். எந்த வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் நிலவறைக்காரர் "குழாய்" என்பார், மூக்கர் "பீப்பாய்" என்பார். பதினைந்து வருஷமாக இந்தச் சண்டை நடந்தது. ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார்கள். கடைசியில் முதலாளியம்மா மூக்கரைத்தான் பார்ப்பார். மூக்கர் கோப்பையை எடுத்து, கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்து, தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு எப்போதும் பீப்பாய்க்கு எதிராகத்தான் இருக்கும்.

அந்த மூக்குதான் போனது.

மழைக்காலத்தில் எட்டு நாள் காய்ச்சல். எழுந்து குளிக்கப் போனால் சோப்பில் வாசனையே இல்லை. போலிச் சோப்பு என்று முடிவுகட்டி, கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டு மாற்றி வாங்கி வந்தார். அதுவும் போலி. மூன்றாவது சோப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "உடம்பு இன்னும் சரியாகல போலிருக்கே," என்றார். அப்போதும் அவருக்குப் புரியவில்லை. மறுநாள் வக்கீல் பாரில் கோப்பைக்குள் மூக்கை விட்டு இழுத்தபோதுதான் புரிந்தது. குளிர்ந்த காற்று மட்டும் வந்தது. இன்னொரு இழுப்பு இழுத்தார். நுரை மூக்கில் ஏறி இருமியதுதான் மிச்சம்.

டாக்டர், "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்," என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று மூக்கருக்குத் தோன்றியது. ஆனால் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. மூக்கு போன குழாய்க்காரரைக் கம்பெனி என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். அலுவலகங்களில் மூலையில் நிற்கும் குடிநீர் இயந்திரங்களைக் கழுவ அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிரிவில் இருந்தவரை அவரே பல வருஷம் கேலி பண்ணியிருக்கிறார். அதனால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கோப்பையை முன்னைவிட அதிக நேரம் மோந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "ம்," என்றார். அந்த ஒரு "ம்"மை வைத்து மூன்று வாரம் ஓட்டினார்.

வீட்டில் அது பலிக்கவில்லை. மணமும் ருசியும் தெரியாதது வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று சாப்பாட்டைப் புகழ ஆரம்பித்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். ஒருநாள் காலை பால் அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். பக்கத்து வீட்டுக்காரம்மா ஜன்னலைச் சாத்தினாள். மூக்கர் அந்தப் பாலில் போட்ட காபியை ஒரு வாய் குடித்து, "இன்னைக்குக் காபி பிரமாதம்," என்றார்.

மனைவி தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"எது?"

"இருபத்தாறு வருஷமா உப்பு கம்மி, புளி ஜாஸ்தின்னு சொல்லாம ஒரு வேளை சாப்பிட்டதில்ல நீங்க. ஒரு மாசமா வாயைத் திறந்தா பிரமாதம், அமிர்தம். நான்கூட மனுஷன் திருந்திட்டார்னு நினைச்சேன்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு மாதமாகக் கேட்ட பாராட்டெல்லாம் போய்விட்டதில் அவளுக்கு வருத்தம் இருந்திருக்கவேண்டும். ஆனால் அவள் சொன்னது வேறு.

"எனக்கு மத்தியானம்தான் தையல் கடை. காலையில சும்மாதானே இருக்கேன். நான் வர்றேன்."

இப்படித்தான் மூக்கரின் மனைவி நகரத்தின் புகழ்பெற்ற பார்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாள். முதுகுவலி, தூக்கிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று அவர் எல்லா இடத்திலும் சொல்லிவைத்தார். ஏற்பாடு எளிமையானது. அவர் முதலில் மோந்து பார்ப்பதுபோல் மோந்துவிட்டு, கொட்டச் சொல்லிக் கோப்பையை அவளிடம் கொடுப்பார். அவள் கொட்டுவதற்கு முன் ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பாள். நன்றாக இருந்தால் தோள்பையின் வாரைப் பிடிக்கவேண்டும். கெட்டிருந்தால் வலது காதைத் தொடவேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் மூக்கர்தான். ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது.

தொப்பி பாரில் அவள் அண்ணாந்து பார்த்தாள். காலை எட்டரை மணி. மஞ்சள் விளக்குகள் அணைந்து குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் மேஜைமேல் கால் தூக்கிக் கிடந்தன.

"இதுக்கா எங்க அண்ணன் அழுதாரு?" என்றாள். "ஒரு தொப்பியையாவது தட்டி வெக்கக் கூடாதா?"

கண்ணாடி பாரில் துப்பாக்கி விரிசலை விரலால் தடவிப் பார்த்து, இது சுவர் இறங்கியதால் வந்த விரிசல், தையல் கடைக் கண்ணாடியிலும் இதே மாதிரி இருக்கிறது என்றாள். வக்கீல் பாரின் பின்வாசல் நேராகக் கழிவறைக்குப் போனது. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் மேஜை மரத்தைத் தொட்டுப் பார்த்தாள், பழைய படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததை ஒன்று விடாமல் வாசித்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வர இத்தனை வருஷமும், காய்ச்சலும் வேண்டியிருந்ததே என்று மூக்கருக்கு உறுத்தியது.

அவள் மூக்கோ லேசுப்பட்டதில்லை. வக்கீல் பாரில் மூன்றாவது குழாயின் உள்வளையம் நைந்துபோயிருப்பதை ஒரே இழுப்பில் கண்டுபிடித்தாள். "ரப்பர் கருகின மாதிரி இருக்கு," என்று காதோடு சொன்னாள். மூக்கர் அதை எல்லாரும் கேட்க உரக்கச் சொன்னார். கழற்றிப் பார்த்தால் அப்படியே. "மூக்கரே, உங்க மூக்கு வயசாக வயசாகக் கூர்மையாகுதே," என்றார் பார்க்காரர். மூக்கர் வெட்கமே இல்லாமல் தலையை லேசாக ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார்.

மூன்று மாதம் இப்படிப் போனது. நாலாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, பாலத்தடி பாரில் முதலாளியம்மா அவருக்காகவே காத்துக்கொண்டிருந்தார். எதிரே நிலவறைக்காரர், இடுப்பில் தோல் ஏப்ரனோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ரெண்டு நாளா நடு குழாய்ல பீர் சரியில்லன்னு ஏழெட்டுப் பேர் திருப்பிக் கொடுத்துட்டாங்க," என்றார் முதலாளியம்மா. "புத்தகத்துல நம்ம கடைதான் முதல் பக்கம். வர்றவங்க முதல் வாய்லயே மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. இன்னைக்கு எனக்கு முடிவு தெரியணும். பீப்பாயா, குழாயா?"

"குழாய்," என்றார் நிலவறைக்காரர், வழக்கம்போல.

"பீப்பாய்," என்றார் மூக்கர், பழக்கதோஷத்தில்.

இரண்டு கோப்பை வந்தது. ஒன்று மேலே குழாயில் பிடித்தது, மற்றது கீழே பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்தது. முதலாவது மட்டும் கெட்டிருந்தால் குற்றம் குழாயில் இருக்கிறது. இரண்டுமே கெட்டிருந்தால் பீப்பாயில். மூக்கர் குழாய்க் கோப்பையை மோந்து, மனைவியிடம் கொடுத்தார். அவள் கை காதுக்குப் போனது. பீப்பாய்க் கோப்பையைக் கண்ணை மூடி, வழக்கத்தைவிட நீளமாக இழுத்து, அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவள் கை காதில் இருந்தது.

"ரெண்டும் ஒரே வாடை," என்றார் மூக்கர். "பீப்பாய்தான். நான் பதினஞ்சு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அவசியமே இல்லை. முதலாளியம்மா நிலவறைக்காரரைப் பார்த்தார். நிலவறையில் இருந்த மூன்று பீப்பாயையும் கொட்டச் சொன்னார். அப்புறம், சத்தமில்லாமல், "நாளையிலேர்ந்து வரவேண்டாம்," என்றார்.

நிலவறைக்காரர் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். மூக்கர் ஒரு வசவுக்குத் தயாராக நின்றார். அதற்கு ஒரு நல்ல பதிலும் வைத்திருந்தார். ஆனால் அந்த மனுஷர் அவரைத் திரும்பியும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது மூக்கருக்கு வாய் ஓயவில்லை. பதினைந்து வருஷச் சண்டை, ஒரே நாளில் முடித்தாயிற்று. மனைவி மடியில் பையைக் கவிழ்த்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுற?"

"கம்மல் திருகு. அங்கேயே கழண்டுபோச்சு. விழுந்துடாம கம்மலைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன், அப்பவும் எங்கேயோ..." பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த ரெண்டாவது கோப்பைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"நீதான் காதைத் தொட்டியே."

"கம்மலைப் பிடிச்சேங்க! ரெண்டாவது நல்லா இருந்துச்சு. சுத்தமா இருந்துச்சு. நான் கோப்பையைக் கொட்டி வெச்சுட்டு, இந்தக் கையால பை வாரைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன். அப்புறம் குனிஞ்சு திருகைத் தேடிக்கிட்டிருந்தேன், நீங்க அந்தாள்கிட்ட வழக்கம்போல சண்டை போடுறீங்கன்னு நினைச்சேன்."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டும்வரை மூக்கர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இரண்டாவது நன்றாக இருந்ததென்றால் பீப்பாய் நன்றாக இருந்தது. அப்படியானால் குழாய். நடு குழாயைப் போன வியாழக்கிழமை கழுவியவர் யார் என்று யோசிக்கவேண்டிய தேவை இல்லை. ஊறவைக்கவேண்டியது அரைமணி நேரம். அன்றைக்கு அவர் மனைவிக்குப் பாலத்தடி பாரின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளம் வந்தபோது மேஜைமேல் ஏறி நின்று குடித்தவர்களின் கதை. கதை நீண்டுபோனதில் நேரம் போதாமல், பத்து நிமிஷத்திலேயே மருந்தைத் திறந்துவிட்டு அலசிவிட்டார். அலசிய பிறகு மோந்து பார்க்கவும் சொல்லவில்லை, அவள் வெள்ளத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் காரணங்கள் வரிசை கட்டிக்கொண்டு வந்தன. அந்த ஆளுக்குப் போகிற வயசுதான். வேறு இடத்தில் வேலை கிடைக்காமலா போகும். நிறைய தடவை திமிராகப் பேசியிருக்கிறார். இப்போது போய்ச் சொன்னால் நம் பிழைப்பு போகும். எல்லாவற்றையும் அவர் உரக்கவே சொன்னார். ஒன்று சொல்லி முடித்ததும் மனைவி மறுத்துப் பேசுவாள் என்று காத்திருந்தார். அவள் பேசினால் பதில் சொல்லி ஜெயித்திருக்கலாம். அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேர்ந்து நான் வரல," என்று மட்டும் சொன்னாள்.

அவருக்கு அழுகை வந்தது. ஐம்பதை எட்டிய மனுஷன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஒரு வசவும் கேலியும் இல்லாமல் ஏப்ரனை மாட்டிவிட்டுப் போன முதுகு கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பழக்கத்தில் வாளிகளையும் எடுத்துக்கொண்டார். பேசவேண்டியதை முந்தின நாளே தயார் பண்ணி வைத்திருந்தார், கொஞ்சம் உருக்கமாகவே. காய்ச்சல், டாக்டர், போன மூக்கு, குடும்பம் என்று எல்லாம் அதில் வந்தது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்தபோது அவருக்கே நெஞ்சு இளகியது. மனைவி கூடவே வந்தாள். பாலத்தடி பாரின் வாசலில் நின்றுகொண்டாள்.

"உள்ள வரலையா?"

"நீங்க போங்க. நான் இங்க நிக்கிறேன்."

முதலாளியம்மா மேஜையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நிலவறைக்காரரையும் கூப்பிடவேண்டும் என்று மூக்கர் சொன்னார். போன் செய்த பத்தாவது நிமிஷம் அவர் வந்துவிட்டார். பின்தெருவில்தான் வீடாம். பதினைந்து வருஷத்தில் அது மூக்கருக்குத் தெரியாது. ஏப்ரன் இல்லாமல், சாதாரண மேல்சட்டையில், அவர் பாதி ஆளாகத் தெரிந்தார்.

மூக்கர் சொன்னார். தயார் பண்ணியது பாதியில் மறந்துவிட்டது, மீதியை அவசரமாகச் சொல்லி முடித்தார்.

முதலாளியம்மா பேனாவை மூடினார். "நாலு மாசமா உங்களுக்கு வாசனையே தெரியாதா?"

"தெரியாதும்மா."

"அப்போ என் கடையில யார் மோந்து பார்த்தது?"

"என் வீட்டுக்காரி."

"பையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களே, அவங்களா?" முதலாளியம்மா சிரிக்கப் போகிறார் என்று ஒரு நொடி மூக்கர் நம்பினார். அவர் சிரிக்கவில்லை. "உங்க கம்பெனிக்கு நானே பேசறேன். இனிமே நீங்க என் குழாயைத் தொடக் கூடாது."

கம்பெனி அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பயந்தபடியே குடிநீர் இயந்திரங்களுக்கு மாற்றியது. இன்றுவரை அதைத்தான் கழுவிக்கொண்டிருக்கிறார். தண்ணீருக்கு வாசனை கிடையாது, தொழிலும் ஆளும் பொருத்தமாக அமைந்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்கிறார். ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று காலை முதலாளியம்மா நிலவறைக்காரர் பக்கம் திரும்பி, "நீங்க வேலையில சேர்ந்துக்குங்க. நேத்து நான் அவசரப்பட்டுட்டேன்," என்றார்.

"சேர்ந்துக்கறேன். அதுக்கு முன்னாடி இந்தாள்கிட்ட ஒண்ணு கேக்கணும்." நிலவறைக்காரர் மூக்கருக்கு எதிரே வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை. "மூக்கு போய் நாலு மாசம்கிற. சரி. அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷம் இருக்கே. ஒவ்வொரு தடவையும் பீப்பாய், பீப்பாய்னுதான் சொன்னே. அப்ப மூக்கு இருந்துச்சுல்ல?"

இந்தக் கேள்வி மூக்கர் தயார் பண்ணியதில் இல்லை. வழுக்கிக்கொண்டு போக நல்ல வழி ஒன்று இருந்தது. மூக்கு இருந்தது, மனசாட்சிப்படி சொன்னேன் என்று சொல்லிவிடலாம். மறுக்க ஆள் கிடையாது. பதினைந்து வருஷத்துப் பீரை யாரும் எடுத்துவைத்திருக்கவில்லை. அதுவரைக்கும் காய்ச்சல்மேல் பழியைப் போட்டு, மன்னிப்புக் கேட்கும் நல்ல மனிதராக நின்றதில் அவருக்கு ஒரு சின்ன சுகம்கூட இருந்தது. அது இப்போது வடிந்துபோனது.

"இருந்துச்சு," என்றார்.

"அப்போ?"

"பாதி நேரம் குழாய்தான்யா. மோந்ததும் தெரிஞ்சிடும். தெரிஞ்சும் பீப்பாய்னு சொன்னேன்."

முதலாளியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நிலவறைக்காரர் திட்டுவார் என்று மூக்கர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்து, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டார். "பாதி," என்று தனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் நிலவறைப் படியில் இறங்கிப் போனார்.

மூக்கர் வாளிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் மனைவி நின்றிருந்தாள். உள்ளே நடந்ததைக் கேட்டாள். அவர் முழுவதும் சொன்னார், நிலவறைக்காரர் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும். சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. இந்த ஒரு விஷயத்திலாவது அவள் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.

"பாதி நேரம்னா சொன்னீங்க?"

"ஆமா."

"நிஜமாவே பாதிதானா?"

தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது போய் நிற்கும்வரை மூக்கர் அதையே பார்த்தார்.

"முக்கால்வாசி," என்றார்.

மனைவி அவர் கையிலிருந்த இரண்டு வாளிகளையும் வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். வாங்கிய விதத்திலேயே தான் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் தள்ளித் திரும்ப உள்ளே போனார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து நிலவறை வாசலுக்கு வந்து, குனிந்து, "யோவ், இருக்கியா?" என்றார்.

"இன்னும் என்ன பாக்கி?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

மூக்கர் படியில் இறங்கினார்.